பிசென் மண்பாண்டம்: கேள்வி பதில்

கே: ஜப்பானின் பிசென் குவளைக்குக் கிளேஸே (கண்ணாடி போன்ற மேற்பூச்சு) பூசுவதில்லையாமே? நம் மண்பானை மாதிரி தண்ணீர் கசியாதா?

ப: கசியாது. நம் பானை குறைந்த சூட்டில் வெந்தது. அதனால்தான் கசிந்து தண்ணீரைக் குளிரவைக்கிறது. பிசென் 1,200 டிகிரிக்கு மேல் வேகிறது. மண் இறுகிக் கல்லாகிவிடும். விரலால் சுண்டிப் பாருங்கள், கணீர் என்று கேட்கும்.

கே: அக்கா, வெளிர் நிறத் தட்டில் சிவப்புக் கோடுகள் தீக்கொழுந்து மாதிரி ஓடுகின்றனவே, தூரிகையால் வரைந்ததா?

ப: தூரிகையே இல்லை, வைக்கோல்! சூளையில் அடுக்கும்போது பாண்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க இடையில் நெல் வைக்கோல் வைத்தார்கள். அதிலுள்ள பொட்டாசியம் மண்ணின் இரும்போடு சேர்ந்து சிவந்துவிடும். இதற்கு ஹிதாசுகி என்று பெயர். தட்டின் மேல் சின்னக் கிண்ணத்தை வைத்தால் அந்த இடத்தில் சாம்பல் விழாமல் வட்டம் பதியும். அது போதாமொச்சி, ஓர் இனிப்பின் பெயர். பழைய ஆட்களுக்கு இதெல்லாம் இடத்தை மிச்சம்பிடிக்கும் வழி. இன்றைய கலைஞர்களோ அந்தக் கோட்டுக்காகவே வைக்கோலைப் பார்த்துப் பார்த்துச் சுற்றுகிறார்கள். ‘எல்லாம் தீ வரைந்த ஓவியம்’ என்று கடைக்காரர் சொன்னால் பாதிதான் நம்புங்கள்.

கே: ஒரு சின்னக் குவளைக்கு இவ்வளவு விலையா?

ப: பிசென் செய்யும் இன்பே ஊர்ப்பக்கம் நெல்வயலுக்கு அடியில் தோண்டும் ஹியோசே மண் அதிகம் சுருங்கும், சட்டென்று சூடேற்றினால் வெடிக்கும். ஆகவே பைன் விறகு போட்டுப் பத்து நாள், இரண்டு வாரம் என்று ராப்பகலாக எரிக்கிறார்கள். பலர் வருடத்துக்கு ஓரிரு முறைதான் சூளை மூட்டுகிறார்கள். அப்புறம், உடைந்தவற்றின் செலவையும் உடையாததுதானே சுமக்க வேண்டும்?

கே: இது இடையில் நின்றுபோகாமல் வந்த மரபா?

ப: நிற்கவில்லை, நலிந்தது. ஜப்பானில் ‘ஆறு பழஞ்சூளைகள்’ என்று சொல்லப்படும் பழைய மண்பாண்ட மரபுகளில் பிசெனும் ஒன்று. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தேநீர்ச் சடங்குக்காரர்கள் இதைத் தேடி வாங்கினார்கள். பிறகு வழவழப்பான பீங்கான் வந்து இதை ஓரங்கட்டியது. பொம்மை வேலையில் தேர்ந்த கனேஷிகே தோயோ (1896–1967) அந்தப் பழைய தேநீர்ப் பாண்டங்களின் மண்ணையும் சூளைமுறையையும் ஆராய்ந்து மீட்டார். 1956-இல் அரசு அவரை ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று கௌரவித்தது.

கே: மைக்ரோவேவில் வைக்கலாமா?

ப: வேண்டாம். புதுக் குவளை என்றால் முதலில் தண்ணீரில் ஊறவையுங்கள்.