கேள்வி – பதில்: ஆய்வு உதவியாளர் பணியை ஏற்கலாமா?

கேள்வி: கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் மூன்றாம் வருட மாணவி நான். வவுனியாவிலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறையெடுத்துத் தங்கியிருக்கிறேன். மாலையில் ரியூசன் கொடுத்தே செலவைச் சமாளிக்கிறேன். எங்கள் விரிவுரையாளர் ஒருவர் தமது ஆய்வில் உதவியாளராகச் சேருமாறும், பயிற்சியோடு ஒரு கொடுப்பனவும் கிடைக்கும் என்றும் சொன்னார். தொகை எவ்வளவு என்று கேட்பது மரியாதைக் குறைவாகுமா? ரியூசனைக் குறைத்துக்கொண்டு சேரலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆய்வுக்கு நிதி கோரும்போது உதவியாளருக்கான செலவையும் வரவுசெலவுத் திட்டத்தில் தனியாகக் காட்டுவது வழக்கமாதலால், அது பெரும்பாலும் விரிவுரையாளரின் சொந்தப் பணமாக இராது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகம் 1969 இல் இளமாணி மாணவர்களைப் பேராசிரியர்களின் ஆய்வுகளில் இணைக்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. அங்கே மாணவர்கள் ஊதியத்துக்காகவோ பட்டத்துக்குரிய பாட அலகுக்காகவோ பணியாற்றலாம். கொடுப்பனவு இல்லையென்றால் வீட்டில் வசதியுள்ள பிள்ளைகள் மட்டுமே ஆய்வுக்கு வர முடியும் என்பதால், இதை நான் நியாயமான உரிமையாகவே கருதுகிறேன்.

ஆனால் தொகையை விட முக்கியமாகக் கேட்க வேண்டியது, உங்களுக்கு எது கற்பிக்கப்படும் என்பதே. கொழும்பில் தமிழ் மாணவர்கள் பலர் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் தமிழில் நேர்காணல் செய்து, ஒலிப்பதிவை எழுத்தாக்கி, ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுப்பதோடு நிறுத்தப்படுகிறார்கள். வினாக்கொத்தை வடிவமைக்கும்போதும், கிடைத்த தரவுகளைப் பகுத்தாராயும்போதும் அவர்களை அழைப்பதில்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விடயம், ஏனெனில் பேசியவரின் குரலில் இருந்த தயக்கத்தை நேரில் கேட்டவருக்குத்தான் அந்தத் தரவின் பொருள் நன்றாகத் தெரியும். எனவே பகுப்பாய்வுக் கூட்டங்களில் உங்களுக்கும் இடமுண்டா, நீங்கள் எழுதும் குறிப்புகளை விரிவுரையாளர் வாசித்துத் திருத்தித் தருவாரா, அதற்காக வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்குவாரா என்று முதல் சந்திப்பிலேயே பணிவாகக் கேளுங்கள். வழிகாட்டல் என்பது நடைமுறையில் இந்தத் திருத்தங்கள்தான். ஆய்வு அறநெறிக் குழுவின் அனுமதி கிடைத்துவிட்டதா என்பதையும், வெளியூர்ப் பயணச் செலவை யார் ஏற்பார் என்பதையும் கூடவே விசாரியுங்கள்.

கொடுப்பனவு மணிக்கணக்கிலா, வேலைக்கணக்கிலா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்கப் பொதுவாக நான்கு மணி நேரமாவது செல்லும். பதிவொன்றுக்கு இவ்வளவு என்று பேசினால் நட்டம் உங்களுக்கே. கட்டுரையில் பெயர் இடம்பெறுமா என்பதும் இப்போதே பேச வேண்டியது. மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நிபந்தனைகளின்படி, தரவு சேகரித்தது மட்டும் ஒருவரைக் கட்டுரையாசிரியராக்காது. எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கெடுத்து, இறுதி வடிவத்துக்கு ஒப்புதலும் பொறுப்பும் ஏற்க வேண்டும். பேசி முடித்தவற்றை ஒரு மின்னஞ்சலாக எழுதி அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

ரியூசனை முழுவதுமாக விடாதீர்கள். கொடுப்பனவு தாமதமாக வரக்கூடும், அறை வாடகையோ மாதந்தோறும் கட்ட வேண்டியது. ஆகவே ஒரு வகுப்பையேனும் வைத்துக்கொண்டு சேருங்கள். அடுத்த வருடம் உங்கள் சொந்த ஆய்வேட்டைத் தொடங்கும்போது இந்தப் பயிற்சி நேரடியாகக் கைகொடுக்கும்.

கேள்வி: நான் முதலாம் வருட மாணவன். என்னை யாரும் அழைக்கவில்லை. நானாகப் போய்க் கேட்கலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தாராளமாகக் கேட்கலாம், வெறுங்கையோடு மட்டும் போக வேண்டாம். அந்த விரிவுரையாளரின் கட்டுரை ஒன்றை வாசித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியோடு செல்லுங்கள். மேற்கோள்களுக்கான சொட்டேரோ (Zotero), புள்ளிவிபரங்களுக்கான ஆர் (R) ஆகிய இலவச மென்பொருள்களை இந்த விடுமுறையிலேயே பழகத் தொடங்குங்கள். மேற்கோள்களை ஒழுங்குபடுத்தவும் புள்ளிவிபரங்களைக் கையாளவும் தெரிந்த மாணவருக்கு முதல் வருடத்திலும் வேலை கொடுக்கலாம்.