கடன் முடிந்த பழைய காரா, தவணையில் புதிய காரா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் குடியிருக்கிறோம். ஓசூர் சிப்காட்டில் எனக்கு வேலை. போக வர தினமும் 100 கி.மீ., மாதம் 25 நாள். 2012 அக்டோபரில் பதிவான பெட்ரோல் கார், லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கிறது, கடன் இல்லை. சென்ற மாதம் இரவு சூளகிரி அருகே கிளட்ச் போய் நடுவழியில் நின்றுவிட்டது. மெக்கானிக் எல்லா வேலைக்கும் சேர்த்து 70,000 ரூபாய் கேட்கிறார். "இனி இதில் பணம் போடாதீர்கள்" என்கிறார் மனைவி. சேமிப்பு 2 லட்சத்தை முன்பணமாகக் கட்டி, 6 லட்சம் கடனில் புதிய கார் வாங்கலாமா? கைக்கு வரும் சம்பளம் 48,000. நிறுவனப் பேருந்து உண்டு, ஆனால் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும்.

பதில்: இப்போது வாங்க வேண்டாம்.

6 லட்சத்துக்கு 9.5 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 12,600 ரூபாய். வட்டி மட்டும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். பெட்ரோல் 102 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்று அலுவலக ஓட்டத்துக்கு மாதம் 17,000 செலவாகிறது. புதிய கார் 20 கி.மீ. கொடுத்தால் 12,750 ஆகும். மிச்சம் 4,250. தவணையில் மூன்றில் ஒரு பங்குதான் அது. மீதி 8,350 ரூபாயைப் பழைய கார் மாதந்தோறும் பழுதுச் செலவாகத் தின்றால்தான் கணக்கு சமமாகும். அதாவது ஆண்டுக்கு ஒரு லட்சம்! தவணையும் பெட்ரோலும் சேர்ந்து சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடும், கையிருப்பும் காலியாகியிருக்கும். அந்த நேரத்தில் வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வந்தால் என்ன செய்வீர்கள்?

இன்னொன்று, ஆண்டுக்கு 30,000 கி.மீ. ஓடும் கார், கடன் முடியும் நாளில் ஒன்றரை லட்சம் கி.மீ. ஓடியிருக்கும். அன்று அதற்கு நல்ல விலை கிடைக்காது.

ஆனாலும் உங்கள் மனைவியின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். கார்களில் ஏபிஎஸ் பிரேக்கும் (திடீரென அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) ஓட்டுநர் ஏர்பேக்கும் கட்டாயமானது 2019-இல்தான். 2012 காரின் கீழ்நிலை மாடல்கள் பலவற்றில் இரண்டுமே கிடையாது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, குருபரப்பள்ளி, சூளகிரி வழியாக 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் தினம் இருமுறை அப்படிப்பட்ட காரில் போவது எனக்கும் சம்மதமில்லை. பெட்ரோல் மிச்சத்தையும் உயிரையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அதனால் பேருந்தில் ஏறுங்கள். மாதம் 20 நாள் அதில் போய், ஐந்து நாள் மட்டும் காரை எடுத்தால் பெட்ரோலில் மட்டும் 13,600 ரூபாய் மிஞ்சும். நீங்கள் கட்டத் துணிந்த தவணையைவிட இது அதிகம். அரை மணி நேரத் தூக்கம் போகிறது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு இவ்வளவு கூலி வேறெங்கும் கிடைக்காது. சுங்கச்சாவடி ஆண்டு பாஸ் வாங்கினால்கூட, தினமும் ஓட்டுகிறவருக்கு அதில் கிடைக்கும் 200 பயணங்கள் நான்கே மாதத்தில் தீரும். உங்களுக்கு ஆண்டு முழுவதும் வரும்.

மெக்கானிக்கின் பட்டியலை வரி வரியாகப் பாருங்கள். கிளட்ச், பிரேக், டயர், சஸ்பென்ஷன் ஆகியவற்றை உடனே செய்துவிடுங்கள். பெயின்ட், சீட் கவர் போன்றவை இருந்தால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். மீதிச் சேமிப்பைத் தொடாதீர்கள்.

மிஞ்சும் பணத்தில் 12,600 ரூபாயைச் சம்பளம் வந்த அன்றே வங்கித் தொடர் வைப்பில் போடுங்கள். பதினெட்டு மாதத்தில் வட்டி நீங்கலாகவே 2,26,800 சேரும். காரின் பதிவு 2027 அக்டோபரில் 15 ஆண்டை எட்டுகிறது. அதன்பின் தகுதிச் சோதனை, மறுபதிவுக் கட்டணம், பசுமை வரி என்று செலவு வரிசையாக வரும். அதற்கு முன்பே விற்றுவிட்டு, 2022-இலோ அதற்குப் பிறகோ தயாரான பயன்படுத்திய காரைத் தேடுங்கள். முன்பக்கம் இரண்டு ஏர்பேக்கும் அவற்றில் இருக்கும். ஆர்.சி.யில் பழைய கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

இப்போது முழுக் காப்பீடு வைத்திருந்தால், விற்கும்போது நோ கிளெய்ம் போனஸ் சான்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சலுகை காருக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. ஐந்தாண்டு இழப்பீடு கேட்காமல் இருந்திருந்தால், அடுத்த காரின் சேதக் காப்பீட்டுப் பிரீமியத்தில் 50 சதவீதம் குறையும்.