பழைய லேண்ட் குரூசரைக் கடற்கரை மணலில் ஓட்டினால் துருப் பிடிக்காமல் காப்பது எப்படி?

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலிருந்து கேகாரி தீவுக்கு, அதாவது முன்பு ஃபிரேசர் தீவு என்று அழைக்கப்பட்ட இடத்துக்கு, உங்கள் டொயோட்டா 80 வரிசை லேண்ட் குரூசரை எடுத்துச் செல்லப்போவதாகவும், கால் நூற்றாண்டைத் தாண்டிய வண்டியை உப்பு அரித்துவிடுமோ என்று பயப்படுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் அடியில் எந்த மருந்தைத் தெளிப்பது என்பதைவிட, எந்த நேரத்தில், மணலின் எந்தப் பகுதியில் ஓட்டுவது என்பதுதான் முதல் கேள்வி.

அந்தத் தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் எழுபத்தைந்து மைல் கடற்கரை சாலையாகவே கருதப்படுகிறது; வேக வரம்பு மணிக்கு 80 கி.மீ. அலை வந்து நனைத்துப்போகும் ஓரத்தில் மணல் இறுகி, ஓட்டச் சுகமாக இருக்கும். ஆசைகாட்டி மோசம் செய்யும் இடம் அதுதான். சக்கரம் வாரி இறைக்கும் உப்பு நீர் அடிப்பாகத்தின் சந்துபொந்துகளில் எல்லாம் ஏறிவிடும். கடல் ஏற்றம் உச்சத்தில் இருக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் கரையில் ஓட்டுவதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். இறக்கத்தின்போது போனால், தண்ணீரைத் தொடாமலேயே ஓட்ட இறுகிய மணல் அகலமாகக் கிடைக்கும். புகைப்படத்துக்காக அலையைக் கிழித்துக்கொண்டு பாய்கிறவர்களைப் பார்ப்பீர்கள். பெரும்பாலும் வண்டி அவர்களுடையதாக இருக்காது.

உப்பின் வேலை எப்படிப்பட்டது என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். 1905இல் கட்டப்பட்ட மஹினோ என்ற கப்பல், 1935இல் பழைய இரும்பாக உடைப்பதற்காக ஜப்பானுக்கு இழுத்துச் செல்லப்பட்டபோது புயலில் சிக்கி, இதே கரையில் ஒதுங்கியது. எஞ்சியிருப்பது துருப்பிடித்த எலும்புக்கூடு.

டயர் காற்றை 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்குங்கள். புதையாமல் இருப்பதற்கு மட்டுமல்ல. பழைய எஞ்சினும் ரேடியேட்டரும் சூடேறித் திணறாமல் இருக்கவும் அதுதான் வழி. இன்ஸ்கிப் முனையில் படகேறும் இடத்திலேயே மணல் பொதபொதவென்று இருக்கும். காற்றுக் குறைந்த டயரில் சட்டென்று வளைக்காதீர்கள். ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

இனி கழுவும் வேலை. உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். இங்கே உப்பே தண்ணீர் குடிக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதி ஈரப்பதம்கூட வேண்டாம். அதனால்தான் பளபளவென்று துடைத்துக் கொட்டகையில் நிறுத்திய வண்டியும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கிறது.

வெளியே தெரியும் இடம் எல்லாரும் கழுவுகிற இடம். துரு குடியிருப்பதோ வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸின் உள்ளே. நீளவாட்டில் ஓடும் அந்த இரும்புப் பெட்டியின் அடியில் வடிகால் துளைகள் இருக்கும். விரலை விட்டுப் பாருங்கள், ஈரமணல் ஒட்டிக்கொண்டு வரும். தோட்டக் குழாயை மேல் துளைகளில் செருகி, கீழே வடியும் தண்ணீரில் மணல் வருவது நிற்கும்வரை ஓட விடுங்கள். பிறகு புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் தெளிப்பானை வண்டிக்கடியில் வைத்து, அவ்வப்போது நகர்த்தி, ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். அதிக அழுத்தப் பீய்ச்சி எதற்கும் நல்லது என்று நினைக்காதீர்கள். அச்சுத் தாங்கிகளின் சீல்களுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் அது எமன். பின்சக்கர டிஸ்க்குக்குள் இருக்கும் கைப்பிரேக் டிரம்மைக் கழற்றி மணலைத் தட்டிவிடச் சொல்லுங்கள். தரைவிரிப்பையும் எடுத்து அலசிக் காய வையுங்கள். குழந்தைகளின் ஈரக்கால் கொண்டுவரும் உப்பு தரைத்தகட்டை மேலிருந்தே தின்னும்.

மருந்து என்று பார்த்தால், பழைய வண்டிக்கு ஆட்டுக்கம்பளியிலிருந்து எடுக்கும் லானோலின் தெளிப்புதான் என் தேர்வு. சுத்தம் செய்து நன்றாகக் காய்ந்த பிறகு, பயணத்துக்கு முன்பே, சேசிஸுக்கு உள்ளேயும் அடியுங்கள். பிரேக் டிஸ்க்கிலும் புகைக்குழாயிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே துருவேறிய தகட்டின் மேல் கெட்டியான தார்ப்பூச்சு மட்டும் வேண்டாம். அது வெடித்த இடத்தில் ஈரம் நுழைந்தால் வெளியேற வழியில்லை. மேலே கறுப்பாக அழகாக இருக்கும், உள்ளே ஓட்டை விழும். துருவைத் தடுக்கும் மின்னணுப் பெட்டி என்று விற்பதற்கும் காசைக் கொட்டாதீர்கள். மின்சாரம் செலுத்தித் துருவைத் தடுக்கும் அந்த முறை கடலில் மூழ்கியிருக்கும் கப்பலின் அடித்தகட்டுக்குப் பொருந்தும், ஏனென்றால் சுற்றிலும் மின்சாரம் கடத்தும் நீர் இருக்கிறது. காற்றில் காய்ந்து நிற்கும் வண்டியில் அந்த மின்சுற்று முழுமையாவதில்லை.

ஈலை ஓடை போன்ற இடங்களைக் கடப்பதாக இருந்தால் அச்சின் நடுவே சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியலின் மூச்சுக்குழாயைப் பாருங்கள். சூடான அச்சு சட்டென்று தண்ணீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தண்ணீரை உறிஞ்சும். மூச்சுக்குழாயை நீட்டி எஞ்சின் அறையில் உயரத்தில் கட்டிவிடுவது மலிவான வேலை. திரும்பி வந்ததும் கியர் எண்ணெயைச் சற்று வடித்துப் பாருங்கள். பால் கலந்தாற்போல வெளுத்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.