ஹோட்டல், கல்யாண மண்டபத்துக்குத் தீயைத் தாங்கும் இன்டீரியர் பொருட்களை எப்படித் தேர்வு செய்வது?

முப்பது அறை ஹோட்டலையும் அதோடு சேர்ந்த மண்டபத்தையும் புதுப்பிக்கப் போவதாகச் சொல்லி, எந்த பிளைவுட், எந்த பேனல் போட்டால் தீப்பிடிக்காது என்று கேட்டிருக்கிறீர்கள். கோவையில் இருபது வருடத்துக்கு மேலாக இன்டீரியர் வேலை எடுத்துச் செய்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பொருளை அப்புறம் பார்க்கலாம். முதலில் பிளானை எடுங்கள். நடுராத்திரியில் தூக்கம் கலைந்து எழுந்த ஒருவர் அறைக் கதவிலிருந்து தெருவுக்கு எப்படி வருவார் என்று பேனாவால் கோடு போடுங்கள். காரிடார், படிக்கட்டு, ரிசப்ஷன். உங்கள் பட்ஜெட் முதலில் அந்தக் கோட்டுக்குத்தான் போக வேண்டும். அறைக்குள் கொஞ்சம் மரம் இருந்தால் சமாளிக்கலாம். அந்த வழியில் இருக்கக் கூடாது.

2019 பிப்ரவரி 12 விடியற்காலையில் டெல்லி கரோல் பாகில் அர்பித் பேலஸ் ஹோட்டல் எரிந்து 17 பேர் இறந்தார்கள். காரிடாரில் மரப் பேனல் அடித்திருந்ததால் அந்த வழியாக ஆட்கள் தப்பிக்க முடியாமல் போனது என்று தீயணைப்பு அதிகாரிகள் அப்போதே சொன்னார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் நானும் ஒரு ஹோட்டல் காரிடாரில் வெனீர் (மெல்லிய மரத் தகடு) பேனல் அடித்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி தூங்கவே முடியவில்லை. மறுநாள் ஓனரிடம் பேசி, அடித்தவரைக்கும் கழற்றிவிட்டு ஜிப்சம் போர்டு போட்டு பெயின்ட் அடித்தோம். செலவில் பாதியை அவர் ஏற்றுக்கொண்டார், பாதியை நான் ஏற்றுக்கொண்டேன்.

சட்டம் சொல்வதும் இதுதான். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, நான்காம் பகுதி, மேற்பரப்பில் தீ எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதை வைத்துப் பொருட்களை நான்கு வகுப்பாகப் பிரிக்கிறது. முதல் வகுப்பை எங்கும் போடலாம். இரண்டாம் வகுப்புக்கே காரிடார் சுவரிலும் படிக்கட்டிலும் அனுமதி இல்லை. கடைக்காரர் "ஃபயர் ரெசிஸ்டன்ட் சார்" என்று சொன்னால், எந்த வகுப்பு என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வராத பொருளை நான் வாங்குவதில்லை.

அடுத்தது புகை. ஹோட்டல் தீயில் நெருப்பு தொடுவதற்கு முன்பே ஆளைச் சாய்ப்பது அதுதான். ஒரு மலை ஊர் லாட்ஜில் ரிப்பேர் வேலைக்குப் போயிருந்தேன். ஒரு அறையில் கீசர் வயர் எரிந்திருந்தது, தீ என்று பார்த்தால் சின்னதுதான். ஆனால் வெளியே காரிடாரில் பிவிசி பிளாஸ்டிக் பேனலில் ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தார்கள். கதவு இடுக்கு வழியாக வந்த சூட்டிலேயே அது தொய்ந்து, உருகி, தரையெல்லாம் சொட்டியிருந்தது. பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், கண்ணைத் திறக்க முடியாது. அன்றைக்கு அந்த மாடியில் யாரும் தங்கியிருக்கவில்லை என்பது கடவுள் புண்ணியம். இப்போது எல்லாரும் கேட்கும் சார்கோல் பேனல் பெரும்பாலும் பாலிஸ்டைரீன், டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) என்று விற்பதில் நிறைய பிவிசி கலந்தது. சுவரில் ஒட்டும் பிளாஸ்டிக் புல்லும் இதே ரகம்தான். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வெளியேறும் வழியில் இவை வேண்டாம்.

ஐரோப்பிய டெஸ்ட் ரிப்போர்ட் கொடுத்தால் அதில் "பி-எஸ்1, டி0" என்பது போல ஒரு குறி இருக்கும். முதல் எழுத்து தீக்கு, எஸ் புகைக்கு, டி எரிந்து சொட்டுவதற்கு. எண் குறைவாக இருந்தால் நல்லது. பலர் முதல் எழுத்தைப் பார்த்ததோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மூன்றையும் பாருங்கள். ரிப்போர்ட்டில் இருக்கும் தடிமனும் மாடல் எண்ணும் உங்களுக்கு வரும் சரக்கோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

பிளைவுட் பற்றிக் கேட்டீர்கள். ஐஎஸ் 5509 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள எஃப்ஆர் (தீயைத் தாமதப்படுத்தும்) பிளைவுட் வாங்குங்கள். அது எரியவே எரியாது என்று அர்த்தமில்லை, தீப்பற்றுவதையும் பரவுவதையும் தாமதப்படுத்தும். கவுன்டரில் லைட்டரைப் பிடித்துக் காட்டும் வித்தையை நம்பாதீர்கள். அப்புறம், அந்த விலை உயர்ந்த பிளைவுட் மேல் சாதாரண மைக்காவை ரப்பர் பசையில் ஒட்டி, மேலே பாலிஷ் அடித்தால் தீக்கு முதலில் கிடைப்பது பாலிஷும் மைக்காவும்தான். சுவருக்கும் பேனலுக்கும் நடுவே சட்டம் அடித்து விடும் இடைவெளி புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். அதில் ராக்வூல் (கல்லை உருக்கிச் செய்த பஞ்சு) அடையுங்கள், தெர்மோகோல் கூடாது.

என்னைக் கேட்டால் காரிடாருக்கும் படிக்கட்டுக்கும் ஜிப்சம் போர்டு, கால்சியம் சிலிகேட் போர்டு, டைல், கல், பூச்சு இவையே போதும். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர். அது ஆவியாகித் தீரும்வரை பின்பக்கம் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. பிங்க் தாள் ஒட்டியது தீக்கென்றே செய்த ரகம், பச்சை ஈரத்துக்கு. ஆசாரிகள் இரண்டையும் மாற்றி அடித்துவிடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

மண்டபத்தில் எதிரொலி வருகிறது என்று யாராவது பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் ஒட்டச் சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற கிளப்பில் மேடைச் சுவரில் இருந்த ஃபோம் வாணவேடிக்கையில் பற்றி 100 பேர் இறந்தார்கள். பத்து வருடம் கழித்து 2013 ஜனவரியில் பிரேசிலின் கிஸ் கிளப்பில் அதே கதை, 242 பேர். எதிரொலிக்கு ராக்வூல் வைத்த அக்கூஸ்டிக் டைல் இருக்கிறது.

திரைச்சீலையில் இரண்டு வகை. மருந்து தெளித்தது சில சலவையிலேயே வலு இழந்துவிடும். நூலிலேயே தீத்தடுப்பு உள்ளது விலை கூட, ஆனால் ஹோட்டலில் எத்தனை முறை துவைப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் எரிந்து மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பந்தலும் அலங்காரமும் அன்றன்றைக்கு வந்து போகிறவை. நீங்கள் எவ்வளவு நல்ல சுவர் கட்டினாலும் டெக்கரேஷன்காரர் நைலான் துணியும் தெர்மோகோலும் கொண்டுவந்து ஃபோகஸ் லைட் பக்கத்தில் கட்டிவிடுவார். மண்டப புக்கிங் ஃபாரத்திலேயே கீற்று, தெர்மோகோல், நைலான் துணி கூடாது, வாசலையும் படிக்கட்டையும் மறைக்கக் கூடாது என்று எழுதி, முன்பணம் வாங்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.