டேட்டா சென்டருக்கு சோலார்: மகள் எதைப் படிக்கலாம்?

‘டேட்டா சென்டர்களுக்கான சோலார்’ என்ற மூன்று மாத கோர்ஸில் மகளைச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். (டேட்டா சென்டர் என்றால் இணையச் சேவைகளுக்கான சர்வர் கணினிகள் வரிசையாக ஓடும் கட்டடம்.) பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அது வேண்டாம். துறை நல்ல துறைதான், அதற்குள் போகும் வழி எலெக்ட்ரிக்கல் படிப்பு. அந்தக் கோர்ஸை மூன்றாம் ஆண்டு விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் என்று ஒரு கணக்கில் சொல்கிறேன். அமெரிக்காவின் வட கரோலினாவில் மெய்டன் என்ற ஊரில் ஆப்பிளின் டேட்டா சென்டர் இருக்கிறது. அதற்காக 100 ஏக்கரில் 20 மெகாவாட் சோலார் பண்ணை அமைத்தார்கள். ஆண்டுக்கு 4.2 கோடி யூனிட் (கிலோவாட்-மணி) கிடைக்கும் என்பது மதிப்பீடு. அதை ஓராண்டின் 8,760 மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள், சராசரி சுமார் 4.8 மெகாவாட்தான். பெயருக்கு 20, கைக்கு வருவது அதில் கால்வாசிகூட இல்லை. சர்வரோ ராப்பகலாக ஓடுகிறது. கூரை முழுக்கப் பேனல் போட்டாலும் ஒரு பெரிய சென்டரின் தேவையில் சிறு பங்குதான் தேறும்.

மிச்சம் எங்கிருந்து வரும், மேகம் மறைக்கிற நொடியில் சுமையை எது தாங்கும் என்பதில்தான் வேலையே இருக்கிறது. பேட்டரி, யூபிஎஸ், ஜெனரேட்டர், கிரிட் (பொது மின்கட்டமைப்பு) என்று மாறி மாறி வந்தாலும் சர்வருக்கு அது தெரியவே கூடாது. பேனல் மாட்டுவதைச் சீக்கிரம் பழகிவிடலாம். ஆனால் சர்வருக்குத் தெரியாமல் இப்படி மாற்றுவதற்குப் பவர் எலெக்ட்ரானிக்ஸும் பவர் சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனும் நன்றாகத் தெரிய வேண்டும். முன்னது மின்சாரத்தை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றாக மாற்றிக் கட்டுப்படுத்துவது, பின்னது கோளாறு வந்த பகுதியைச் சட்டென்று துண்டித்து மற்றதைக் காப்பது. கல்லூரி பார்க்கப் போனால் கட்டடத்தை விடுங்கள், இந்த இரண்டு லேபையும் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

ஆபத்தான வேலையா என்றும் கேட்டீர்கள். தெரியாமல் தொட்டால் ஆபத்துதான். பேனல் தருவது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். பெரிய பண்ணைகளில் ஒரு வரிசைக்கு 1,500 வோல்ட் வரை போகும். வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் ஏசியில் (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுகிறது, அதனால் பொறி அணைய வழி உண்டு. டிசியில் அது கிடையாது. கரண்ட் ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் ஆர்க் (காற்றின் வழியே பாயும் மின்பொறி) விடாமல் நின்று எரியும். மெயினை அணைத்துவிட்டாலும் வெயில் பட்டுக்கொண்டிருக்கும் வரை பேனல் வயரில் வோல்டேஜ் இருந்துகொண்டே இருக்கும். இதையெல்லாம் முறையாகக் கற்றவர்கள் தினமும் பத்திரமாகத்தான் வேலை செய்கிறார்கள்.

பொறியியல் பட்டம் கட்டாயமில்லை. எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தாலும் பராமரிப்பு வேலைகளில் நுழையலாம். ஆனால் நைட் ஷிஃப்ட் இருக்கும், அதை இப்போதே பேசிவிடுங்கள்.

அப்புறம், விண்ணப்பம் போடும் முன் மகளிடம் ஒன்று கேளுங்கள்: 1 மெகாவாட் சுமை இரவில் 12 மணி நேரம் பேட்டரியில் ஓட எவ்வளவு வேண்டும்? 12,000 யூனிட் என்றால் சரி. பேட்டரியை அடிவரை காலி செய்யலாமா, இன்வெர்ட்டரில் எவ்வளவு வீணாகும் என்று அவளே திருப்பிக் கேட்டால், தயங்காமல் எலெக்ட்ரிக்கலில் சேர்த்துவிடுங்கள்.