கரண்ட் கம்பி எட்டாத ஊர்களுக்கு எது நின்று பிடிக்கும்?

கேள்வி: வளரும் நாடுகளில் மின்கம்பி போகாத கிராமங்களுக்கு, இப்போது வருகிற பசுமை மின் தொழில்நுட்பங்களில் எது உண்மையில் உதவும்?

என்னைக் கேட்டால் பற்றரி என்பேன். லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரியும், 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும் லைட், ஃபான் சாமான்களும்தான் நிலைமையை மாற்றியிருக்கின்றன. சோலார் பனல் முன்பே இருந்தது.

நான் திருகோணமலை. சோலார் பூட்டுவதும் திருத்துவதும் தொழில். இலங்கையில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் கரண்ட் வந்துவிட்டது. சம்பூரில் 120 மெகாவாட் சோலார் நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல்லும் நாட்டினார்கள், அது தேசிய மின்கட்டமைப்புக்குப் போகிற மின்சாரம். எனக்கு வேலை தருவது கம்பி போகாத மூலைகள்: குச்சவெளிப் பக்கத்து மீன்வாடிகள் (மீனவர் கரையில் தங்கும் கொட்டில்கள்), யானைக்குக் காவல் இருக்கும் வயல் கொட்டில்கள், வெருகல் பக்கத்து மாட்டுப் பட்டிகள்.

"தம்பி, பனல் பழுதாப் போச்சு" என்றுதான் போன் வரும். போய்ப் பார்த்தால் பனலில் தூசு மட்டும் இருக்கும். கோளாறு கீழே இருக்கிற ஈய அமிலப் பற்றரியில். முனையில் பச்சைக் களிம்பு, மூடியைக் கழற்றினால் தகடு வெளுத்து, தண்ணீர் தகட்டுக்கும் கீழே. வடித்த நீர் வாங்க டவுனுக்கு வர வேண்டுமே, கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்காதே என்கிற பற்றரியை, இரவு பத்து மணிக்குப் புழுக்கத்தில் படுத்திருக்கிறவர் பாதியில் நிறுத்துவாரா?

லிதியம் இரும்பு பொஸ்பேற்றில் தண்ணீர் ஊற்றுகிற வேலை இல்லை, எண்பது தொண்ணூறு வீதம் வரை இறக்கலாம், இரண்டாயிரம் தடவைக்கு மேல் ஏற்றி இறக்கத் தாங்கும். 50 அம்பியர் மணி லிதியம் தருவதை ஈய அமிலத்தில் எடுக்க 100 அம்பியர் மணி வேண்டும். முதலாவது ஆறேழு கிலோ, மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். இரண்டாவது இருபத்தைந்து கிலோவுக்கு மேல்.

கணக்கு இப்படி. மூன்று 5 வாட் லைட் ஐந்து மணி நேரம், 15 வாட் ஃபான் எட்டு மணி நேரம், இரண்டு போன்: நாளுக்குச் சுமார் 215 வாட் மணி. 100 வாட் பனல் ஒன்று ஆவணி வெயிலில் இதைத் தாராளமாகத் தந்துவிடும். ஆனால் எங்களுக்கு மழை வாடைக்காற்றோடுதான் வரும். கார்த்திகை, மார்கழியில் வானம் மூடினால் பாதிகூடக் கிடைக்காது. அதனால் மார்கழியை நினைத்துத்தான் பனல் போட வேண்டும். ஆடியில் வந்து அளந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களை நம்பாதீர்கள்.

காற்றாலை போடலாமே என்பார்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் வெயிலும் கொளுத்தும், அப்போது அது எதற்கு? காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் சக்தி எட்டில் ஒன்றாகிவிடும் என்பது வேறு. சாணி எரிவாயு, மாட்டைக் கட்டி வளர்க்கிற வீட்டுக்குச் சரி. 25 கிலோ சாணிக்கு ஒரு கன மீட்டர் வாயு வரும். 2022 காஸ் தட்டுப்பாட்டில் நிறையப் பேர் விசாரித்தார்கள், ஆனால் இங்கே மாடு பகல் முழுக்கக் காட்டில் மேய்கிறது, சாணியும் காட்டில்தான். பெரோவ்ஸ்கைட் என்கிற புதுவகைப் பனலுக்கு ஈரம் ஆகாது. கடற்கரைக்கு அது இன்னும் வரவில்லை என்றே வையுங்கள்.

பங்களாதேஷை மட்டும் கொஞ்சம் பாருங்கள். 2003 முதல் நாற்பது லட்சம் வீட்டுக்கு மேல் சோலார் போட்டார்கள். பிறகு கம்பி வர, பல மூலையில் கிடந்தன. இங்கேயும் உலக வங்கிக் கடனில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் போட்டதற்கு அதே கதிதான். பங்களாதேஷில் சோல்ஷேர் என்ற நிறுவனம் வீடுகளை வயரால் இணைத்து, மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்கு விற்க வழி செய்திருக்கிறது. வீடுகள் நெருங்கிய ஊருக்கு அருமையான யோசனை. ஒன்றுக்கொன்று அரைக் கட்டை (அரை மைல்) தள்ளி இருக்கிற எங்கள் பட்டிகளுக்கு வயர்ச் செலவே கட்டாது.

பற்றரியே இல்லாமல் ஐஸாகக் குளிரைச் சேர்த்து வைக்கிற சோலார் தடுப்பூசிக் குளிர்பெட்டிகளும் இருக்கின்றன. வாடிக்காரர்கள் அதை மீனுக்குக் கேட்கிறார்கள். நூறு கிலோ ஐஸுக்கு நாளுக்கு எட்டுப் பத்து யூனிட் வேண்டும், அதாவது இரண்டு கிலோவாட்டுக்கு மேல் பனல். தனி ஒருவருக்குக் கட்டாது, நாலைந்து வாடி சேர்ந்தால் யோசிக்கலாம்.

வாங்கப் போனால் கடையில் இரண்டைக் கேளுங்கள். பனலுக்கும் பற்றரிக்கும் நடுவில் நிற்கிற சார்ஜ் கொன்ட்ரோலரில் லிதியத்துக்கு செட்டிங் இருக்கிறதா? பற்றரிக்குள் இருக்கிற பாதுகாப்பு சர்க்கிட் போர்ட் செத்தால் அதை மட்டும் மாற்றலாமா? ஒட்டி மூடிய பெட்டி என்றால் வேண்டாம். திருகாணி போட்டது என்றால் மூதூரிலேயே யாராவது திறந்து பார்ப்பார்கள்.