மங்குச் சாமானில் ஒரு 'ச்'

கேள்வி: பல்கலைக்கழகத்தில் பன்மொழியியல்தான் படிப்பேன் என்று என் மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். எங்கள் ஐயா பர்மாவுக்கு வட்டிக்கடைப் பெட்டியடிப் பையனாகப் போய், கல்லூரி வாசலையே மிதிக்காமல் நான்கு மொழி பேசியவர். இதற்கெல்லாம் ஒரு பட்டமா? பெண்ணின் எதிர்காலம் மங்கிவிடாதா?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: நல்ல சொல்லைப் போட்டீர்கள், ஆச்சி. இரண்டாங்கட்டு அறையில் பூட்டிக் கிடக்கும் மங்குச் சாமானை, அதாவது எனாமல் பூசிய பாத்திரங்களை, ஒரு முறை வெளியே எடுத்துப் பாருங்கள். கிண்ணத்துக்கு மலாய்க்காரர் சொல்லும் 'மங்கோக்'தான் நம் மங்கு. கப்பலேறி வந்து, கல்யாண வீட்டில் சாமான் பரப்பும்போது முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டது. சரி, சாமானாவது நம்முடையதா? அது பாரசீகம். ஆக, மங்குச் சாமானில் தமிழ் என்று மிஞ்சுவது நடுவில் நிற்கும் 'ச்' ஒன்றுதான். அதையும் எங்கள் மெய்ப்புத் திருத்துநர் மாதம் தவறாமல் விழுங்கிவிடுகிறார்.

இதைப் படித்ததும் தேவகோட்டை நண்பர் அஞ்சலட்டையை எடுப்பார். பிறமொழிச் சொல்லை ஒழிக்கச் சொல்லி எனக்குப் பதினோரு வருடமாக எழுதி வருபவர். சென்ற மாத அட்டையின் கடைசி வரி: 'நான் சந்தா பாக்கி வைத்ததே இல்லை, ரசீது இருக்கிறது.' சந்தா, பாக்கி, ரசீது மூன்றும் அரபு, பாரசீக வழி வந்தவை. பணக் கணக்கில் அவர் சுத்தம்தான், நான் மறுக்கவில்லை.

உங்கள் மகள் படிக்கப் போவது பல மொழிகளை அல்ல. ஒரே வாயில், ஒரே தெருவில் பல மொழிகள் குடியிருந்தால் என்ன நடக்கிறது என்பதை. மங்குவில் சொல் வெளியூர், ஒட்டும் பசை தமிழ். மராட்டியத்தின் சாங்லி மாவட்டத்துக் குப்வாரில் கதை தலைகீழ். அங்கே மராட்டிக்காரரும் கன்னடக்காரரும் உருதுக்காரரும் தத்தம் சொற்களை விடவில்லை. வாக்கிய அமைப்பு மட்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது என்று மொழி ஆய்வாளர்கள் கம்பெர்ஸும் வில்சனும் 1971இல் எழுதினார்கள். பேசத் தெரிந்தால் இதெல்லாம் தானே விளங்கிவிடுமா? மூச்சு விடுகிறவரெல்லாம் நுரையீரல் வைத்தியரா?

ஐயாவிடம் வாருங்கள். நான்கு மொழி சரி, எதை எதற்கு வைத்திருந்தார்? வயல்காரரிடம் பேச்சு பர்மிய மொழியில். பேரேடு தமிழில். வழக்கு ரங்கூன் உயர் நீதிமன்றத்துக்குப் போனால் ஆங்கிலம். கடன்பட்டவர்களில் பெரும்பாலோரால் பேரேட்டையும் படிக்க முடியாது, தீர்ப்பையும் படிக்க முடியாது. 1930களில் நெல் விலை விழுந்து, கீழ்ப் பர்மாவின் நெல் மாவட்டங்களில் சுமார் கால் பங்கு நிலம் செட்டியார்களிடம் வந்து சேர்ந்தது. விலை விழுந்ததற்கு மொழி காரணமல்ல. ஆனால் தன் நிலம் போன விவரத்தைத் தானே படிக்க முடியாதவனின் ஆத்திரம் எந்த ஐந்தொகைக் கணக்கிலும் ஏறவில்லை.

போன வாரம் ஒரு வங்கியில் ஆங்கிலமும் இந்தியும் மட்டும் அச்சிட்ட படிவத்தை என்னிடம் நீட்டினார்கள். படித்துப் பார்க்கிறேன் என்றேன். "எல்லோரும் போடுகிற கையெழுத்துதானே, ஐயா?" என்றார் அந்தத் தம்பி. வயல்காரர் நினைவு வந்தது.

வேலையா? மொழிபெயர்ப்பு, பாடநூல், நீதிமன்றம், கணினி என்று நாலு இடத்தில் கேட்கிறார்கள். மகள் கெட்டிக்காரி என்றால் கிடைக்கும். உங்கள் ஊர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகமே எழுப்பினார்; அங்கே மொழியியல் துறை பேர்போனது. அதே ஊர்ப் பெண் மொழியைப் படிக்கிறேன் என்றால் கானாடுகாத்தானில் பஞ்சாயத்தா?

அந்த மங்குத் தூக்கை மட்டும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். விற்கத்தான் வேண்டும் என்றால் முதலில் எனக்கு எழுதுங்கள். மூடி இருந்தால் கூடக் கொஞ்சம் தருகிறேன்.